டப்பாவில் அரிசி இருந்தது

"உன்ன யாருடி அதுல அரிசி போடச் சொன்னா? எங்கப்பா சொன்னாரா, நான் சொன்னேனா..."

"யாரும் சொல்லல. மாமா மறந்திருப்பாருன்னு நினைச்சு நானா..."

"நினைச்சாளாம். அந்த நினைப்புதான் அவரக் கொன்னுச்சு."

தர்சிமின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. அவன் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் காலில் ஒட்டிய செம்மண்ணைக்கூடக் கழுவவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்கள்.

கிழவர் சன்மர்த்தா பழைய வீட்டில் தனியாக இருந்தவர். அதே முற்றத்தில், நாலு எட்டு தள்ளி, மகன் கட்டிய புது வீடு. தர்சிம் வெளியூரில் மணல் லாரி ஓட்டுகிறான். மனைவி வர்சிதி மட்டும் இங்கே. கிழவர் கொல்லைக் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு போய்விட்டது. எழுந்திருக்க முடியாமல், விடாத மழையில் நாள்கணக்காக அங்கேயே கிடந்திருக்கிறார்.

மழைக்குப் பயந்து மரம் ஏறாமலிருந்த நர்க்கும், இன்று காலை வெயிலைப் பார்த்ததும் தென்னம்பாளை சீவ ஏறியிருக்கிறான். உச்சியிலிருந்து பார்த்தால் கிணற்றடியில் ஆள். இறங்கி ஓடிவந்து தொட்டபோது உடம்பு ஜில்லென்று இருந்தது.

அந்த ஊரில் இப்படி ஒருவர் யாருக்கும் தெரியாமல் கிடக்க வழியே இல்லை. ஒவ்வொரு வீட்டு நிலைப்படியிலும் ஒரு டப்பா தொங்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர்கள் அதில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். ராத்திரி காவல் சுற்றுகிறவர்கள் அதைப் பையில் கொட்டிக்கொண்டு போவார்கள். அரிசி இருந்தால் வீட்டில் எல்லாரும் நலம் என்று கணக்கு. டப்பா காலியாக இருந்தால் கதவைத் தட்டிக் கேட்டே ஆக வேண்டும்.

தர்சிம் முதலில் காவல்கார டார்யோவின் சட்டையைத்தான் பிடித்தான். டார்யோ பள்ளிவாசல் இருக்கும் பக்கம் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். "டப்பாவுல தினமும் அரிசி இருந்துச்சு தம்பி. இருக்கறப்ப நாங்க எதுக்குத் தட்டப்போறோம்?"

அப்படியானால் விழுந்து கிடந்தவரா எழுந்துவந்து போட்டார் என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் வர்சிதி தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தாள்.

மாமாவுக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் தப்புகிறது, டப்பா காலியாக இருந்தால் பக்கத்திலேயே மருமகள் இருந்தும் பார் என்று ஊர் பேசும், அதனால் தினமும் பொழுது சாய்ந்ததும் தன் வீட்டு அரிசியில் ஒரு பிடியைப் போட்டுவிட்டு மழைக்கு ஓடி வந்துவிட்டதாகச் சொன்னாள். கதவு சாத்தியிருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்தாளாம். சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்றதற்குத் தகரக் கூரையைக் காட்டினாள்.

"வாஸ்தவந்தான்," என்றான் நர்க்கும். "அந்த மழையில என் பொண்டாட்டி திட்டுறதே எனக்குக் கேக்கல." ஒருவர் சிரித்துவிட்டு உடனே கீழே பார்த்துக்கொண்டார்.

அந்தப் பொண்டாட்டி, கிணற்றைத் தாண்டி இருந்த கொட்டகையில் கிழவரின் மாடு என்ன கதியில் இருக்கிறதோ என்று பார்க்கப் போயிருந்தாள். அது பச்சைப்புல்லை அசை போட்டுக்கொண்டு நின்றது. உனக்காவது வயிறு நிறைஞ்சிருக்கே என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

தர்சிம் புது வீட்டுக்குள் போய் மனைவியின் துணிகளை மூட்டையாகச் சுருட்டி முற்றத்துச் சேற்றில் வீசினான். இன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றான். வர்சிதி சேற்றில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகப் பொறுக்கினாள். பெண்கள் அவளைத் தூக்கி நிறுத்தும்படி ஆயிற்று.

ஊர்த்தலைவர் குஸ்வானுக்கு அதுவரை மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. இப்படி ஒரு சாவைப் போலீசில் சொல்லாமல் விடலாமா என்று. சேறு பூசிய அந்த முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"போலீசு வந்தா பெரியவர மறுபடி தோண்டுவாங்க, வேணாம்," என்றார். "தம்பி, தன் பானை அரிசிய எடுத்து மாமனார் மானத்தக் காப்பாத்துனவ இவ. இவளத் துரத்துனா ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு இந்த ஊர்ல ஒருத்தன் வரமாட்டான்."

டார்யோ வாய்விட்டு அழுதான். பாதித் தப்பு என்னுடையது, இனி அரிசி இருந்தாலும் தட்டுகிறோம் என்றான். தர்சிம் வெகுநேரம் கழித்து மூட்டையை எடுத்து உள்ளே வைத்தான்.

கிளம்பும்போது குஸ்வான் மெதுவாக நினைவுபடுத்தினார். கீழ்வயலைப் பள்ளிவாசலுக்கு எழுதிவைக்கத்தான் பெரியவர் வருகிற வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார், அவர் பெயரில் நீயாவது செய்துவிடு என்று. நாற்பதாம் நாள் கழியட்டும், பேசலாம் என்றான் தர்சிம். துக்க வீட்டில் அதற்கு மேல் யார் வற்புறுத்துவார்கள்?

எல்லாரும் போனதும் தர்சிம் கதவைத் தாழிட்டான். வர்சிதி முகம் கழுவி, கையிலிருந்த சேற்றைத் தேய்த்து எடுத்து, இரண்டு கிளாஸில் காப்பி கலந்தாள். ஒன்றை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"நீங்க ரெண்டு அடி போட்டிருக்கலாம்," என்றாள். "அவரு கூப்பிட்டது எனக்குக் கேக்கலன்னு இன்னும் நல்லா நம்பியிருப்பாங்க."