மொட்டை மாடி இன்டர்வியூ

“ஏ.ஐ. எழுதிக் குடுக்கற கோடிங்கை நீங்க படிச்சுப் பாப்பீங்களா, இல்ல அப்படியே சிஸ்டத்துல ஏத்திடுவீங்களா?”

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படியொரு கேள்வி வரும் என்று இளம்பரிதிக்குத் தெரியும். தரகர் சென்னப்பன் முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார்.

“பொண்ணு மாரண்டஹள்ளில உக்காந்துக்கிட்டே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பாக்குது தம்பி. ரொம்ப வெவரம். சாஃப்ட்வேர்ல இன்னிக்கு என்ன நடக்குதுன்னு தெரியாத மாப்பிள்ளை வேண்டாமாம். பாத்துப் பேசுங்க.”

கீழே கூடத்தில் பெரியவர்கள் காபி குடித்தபடி தக்காளி விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டு வாங்க’ என்று இவர்களை மாடிக்கு அனுப்பியாயிற்று. தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மற்ற இடமெல்லாம் காயப்போட்ட புளி.

அவனுக்கு வேலை ஓசூரில். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் யாரோ எழுதிய சாஃப்ட்வேர் ஒன்றை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை, ஆபீசில் யாரும் கேட்டதுமில்லை. பெண் வீட்டார்தான் கேட்டார்கள். முந்தின இரண்டு இடமும், ‘ஏ.ஐ. வந்தா இந்தப் பையனுக்கு வேலை இருக்குமா?’ என்று இழுத்தே தட்டிப்போயின. இது தட்டிப்போகக் கூடாது. ஏனென்றால், காபித் தட்டோடு வந்த பூவிழி நிலைப்படியில் இடித்துக்கொண்டு, வலியை மறந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே மாப்பிள்ளை ஓர் ஏற்பாட்டோடு வந்திருந்தார். முடி மறைக்கும்படி காதில் ஒரு குட்டி இயர்பட். சட்டைப் பையில் போன். போனில் ஒரு ஏ.ஐ. ஆப். அவள் கேட்பதை அது கேட்டு, பதிலை இவன் காதில் ஓதும்.

ஓதியது. இவன் ஒப்பித்தான்.

“படிக்காம ஏத்தினா, உடையறப்ப எங்க உடைஞ்சுதுன்னே தெரியாதுங்க. எழுதறது அதுவா இருந்தாலும் பொறுப்பு நம்மளுதுதானுங்க.”

பூவிழி தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, காதோரம் தொங்கிய மல்லிகையைச் சரிசெய்துகொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்ததைப் போட்டாள்.

“புதுசாப் படிச்சு வர்ற பசங்களை வேலைக்கு எடுக்கறதையே நிறுத்திட்டா, நாளைக்கு அனுபவசாலிங்க எங்கிருந்துங்க வருவாங்க?”

“இன்னிக்குப் பெரிய விவாதமே அதுதானுங்க. செலவு மிச்சம்னு பாத்தா, பின்னாடி ஆளே இருக்காது. நாத்து விடாம எதைங்க நடறது?”

கடைசி வரி மட்டும் அவனுடைய சொந்தச் சரக்கு. அவள் பக்கென்று சிரித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

“ஒரே பெரிய சாஃப்ட்வேரா வெச்சுக்கறது நல்லதா, துண்டு துண்டாப் பிரிக்கறது நல்லதா?”

அதற்கும் தயங்காமல் சொன்னான். பதில் சரியாக விழ விழ அவள் முகம் ஏன் வாடுகிறது என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

“ஏ.ஐ.யால வேலை போயிடும்னு உங்களுக்குப் பயம் இருக்குங்களா?”

கீழே கூடத்து ஃபேன் நின்றது. “கரண்ட் போயிடுச்சு!” என்று யாரோ கத்தினார்கள். இளம்பரிதியின் காதிலும் பேச்சு மூச்சில்லை. பையிலிருந்து போனை லேசாக உயர்த்திப் பார்த்தான். சிக்னல் சுத்தமாக இல்லை.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் போனை இன்னொரு முறை தட்டிப் பார்த்தான். அவளும் ஏனோ வேறு கேள்விக்குப் போகாமல் மல்லிகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயம் இருக்குங்க,” என்றான் கடைசியில். “நெறையவே இருக்கு. எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாதுங்க. தினம் ஒண்ணு புதுசா வருது. அதோட பேரை மனப்பாடம் பண்றதுக்குள்ள அது பழசாயிடுது. இவ்வளவு நேரம் பதில் சொன்னது நானில்லைங்க, இதுதான்.”

இயர்பட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். இடம் தட்டிப்போனது நிச்சயம். ஆனாலும் பெரிய பாரத்தை இறக்கி வைத்தது போல நிம்மதியாக இருந்தது. எழுந்தான்.

“உக்காருங்க,” என்றாள் பூவிழி. குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தான். பார்த்தால், கண்ணில் நீர் வர அடக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

“அப்பாடா! நீங்க டக்கு டக்குனு சொல்லச் சொல்ல எனக்குக் கையெல்லாம் வேர்த்துடுச்சுங்க. ‘மாப்பிள்ளைக்கு அப்டேட்டான பொண்ணுதான் வேணுமாம்’னு தரகரண்ணன் எங்க வூட்லயும் சொல்லி வெச்சிட்டாரு. எனக்கும் இந்தப் புதுசெல்லாம் தெரியாதுங்க. நானே கேட்டுட்டு இருந்தா, நீங்க என்னைத் திருப்பிக் கேக்க மாட்டீங்கன்னுதான்…”

மல்லிகைச் சரத்துக்குள் விரலை விட்டு, காதிலிருந்து ஒரு குட்டி இயர்பட்டை உருவினாள்.

“கரண்ட் போனா எங்கூர்ல டவரும் போயிடுங்க.”

இளம்பரிதிக்கும் சிரிப்பு பீறிட்டது. “உங்களுது எந்த ஆப்புங்க?”

அவள் போனைக் காட்டினாள். அவனும் காட்டினான். இரண்டிலும் ஒரே ஆப். இத்தனை நேரமும் அதுவே கேள்வி கேட்டு, அதுவே பதில் சொல்லி, தன்னைத்தானே பெண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கீழேயிருந்து சென்னப்பன் குரல் கொடுத்தார். “என்ன, ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சுங்களா?”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்கண்ணா!” என்றாள் பூவிழி.