கமாவும் நூல்கண்டும்

"எல்லாரும் ஒரே நேரத்துல வேலை செய்யறாங்கன்னு சொல்றீங்க. அப்ப நீங்க அனுப்பின குறிப்புல இந்த இடத்துல 'அப்புறம்'னு ஏன் எழுதியிருக்கீங்க?"

கேள்வியைத் தட்டி அனுப்பிவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே பிற்பகல் மழை. திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சத்தில் அறை தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது.

அச்சகத்தில் முப்பது வருடம் ப்ரூஃப் திருத்தி ஓய்வுபெற்றவர். கணினியில் அரிச்சுவடிகூடத் தெரியாமல்தான் மூன்று வருடத்துக்கு முன் இந்தக் குழுவில் சேர்ந்தார். பெரிய கணக்கு ஒன்றை ஆயிரம் துண்டாக்கி, ஆயிரம் கணினிகளிடம் ஒரே நேரத்தில் கொடுத்து விடை வாங்கும் மென்பொருள் அது. யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். சம்பளம் கிடையாது, நிஜப் பெயரும் தேவையில்லை. அவர் 'கமா' என்று பெயர் வைத்துக்கொண்டு அதற்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதினார். மென்பொருளை எழுதும் பெண் எங்கோ தொலைவில் இருந்தாள். அவள் பெயர் 'நூல்கண்டு'.

ஆற்று வெள்ளம் எந்த ஊருக்குள் எப்போது வரும் என்று கணிக்கிறவர்கள் அந்த மென்பொருளை நம்பியிருந்தார்கள். ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை அது தப்பான விடையைச் சொன்னது. பதினோரு நாளாக நூல்கண்டு அந்தப் பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போனில் பேசினால் சீக்கிரம் முடியுமே என்று ஆரம்பத்தில் அவள் பலமுறை கேட்டாள். தொண்டை சரியில்லை என்று இவர் ஒவ்வொரு தடவையும் நழுவினார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்ட ஒற்றெழுத்துகளை இவர் திருத்தி அனுப்பும்போது மட்டும், "அது எனக்குப் பிறவி வியாதி சார்" என்று எழுதுவாள்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டிகிட்ட பேசறதுல கால்வாசி வீட்டுல பேசியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமலே உள்ளே போனாள்.

திரையில் நூல்கண்டு எதையோ எழுதுவது தெரிந்தது, நின்றது, மறுபடி தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு கூடம். ஆயிரம் பேர், ஆளுக்கு ஒரு தாள். யாரும் தலை நிமிராமல், யாரோடும் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பேனாக்களின் சத்தம் மழைபோலக் கேட்டது.

பதில் வந்தது.

"சார், அந்த 'அப்புறம்' என் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. ப்ரோக்ராம்ல இல்ல. முதல் ஆள் எழுதி முடிச்சிருப்பான்னு நானா நினைச்சுக்கிட்டேன். அவன் முடிக்கறதுக்குள்ள அடுத்தவன் எடுத்துப் படிச்சிடறான்."

இப்போது என்ன செய்வது என்று இவர் கேட்டார். முடிந்தது என்று சேதி வரும்வரை அடுத்தவன் காத்திருக்க வேண்டும், அதற்கு ஒரே ஒரு வரி போதும் என்றாள் அவள். சேர்த்து ஓடவிட்டாள். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை. மழை விடுகிற நேரத்தில், ஒரு தப்பும் இல்லை என்று எழுதினாள்.

கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தாள். இந்தப் பதிப்பு வெளியானதும் குழுவிலிருந்து விலகுகிறாள். எட்டாம் மாதமாம், ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வருவது நிச்சயமில்லையாம்.

அவர் அதை எழுத்து எழுத்தாக மூன்று முறை படித்தார். 'உடம்பைப் பார்த்துக்கோ' என்று தட்டினார். அழித்தார். 'பார்த்துக்கோங்க' என்று மாற்றி அனுப்பினார். நாளையிலிருந்து பிற்பகல்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரே ஒரு வேலை பாக்கி சார். உழைச்சவங்க பட்டியல் போடணும். எல்லாரும் யார் எவர்னு ஒரு வரி சொல்லியிருக்காங்க. உங்களை என்னன்னு போட?"

"கமான்னே போடுங்க. அது போதும்."

"வெறும் கமான்னு எப்படி விடறது? சரி, நானே ஏதாவது எழுதிக்கறேன்."

பத்து நிமிடத்தில் புதிய பதிப்பு வெளியானது. பட்டியலை அவர் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே இறங்கினார். கடைசியில் இருந்தது அவருடையது.

"கமா. தமிழ் விளக்கக் குறிப்புகள். ஐந்து வருடமாக என்னோடு பேசாமல் இருக்கும் என் அப்பா."