பறக்கும் வீரனின் வலது கை

அன்று டேப்லெட் திரையில் இருந்தவர்கள் நால்வர். அடியில் பென்சில் லேயர், அதன்மேல் மை லேயர், எல்லாருக்கும் மேலே வண்ண லேயர், ஓரத்தில் அழிப்பான். மூன்று லேயர்களும் கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததால், அவற்றின் கோடுகள் சேர்ந்து, பறக்கிற வீரன் ஒருவனாகத் தெரிந்தன. புதிதாக வரையப் பழகும் அல்லி, தேநீர் குடிக்க எழுந்து போயிருந்தாள்.

“படந்தான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன்பா கீழே கிடக்கிறாய்? உன் கிறுக்கல் என் கோடுகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறது” என்றது மை.

“போகிறேன் அண்ணே” என்றது பென்சில். “ஆனால் அந்தப் பெண் லேயர் மாற்ற மறந்து, வலது கையை மட்டும் என்மேலேயே மையால் வரைந்துவிட்டாள். முதலில் அதை நீங்கள் வாங்கிக்கொண்டால்...”

“இவர் தாங்கித்தான் வீரன் பறக்கிறானாம்!” என்று வண்ணம் சிரித்தது.

“இவ்வளவு அழகான கோடு உன்னிடம் எப்படி வரும்? இரண்டு கையும் என்னுடையவை” என்றது மை. “தம்பி அழிப்பான், இவனைத் துடைத்துவிடு.”

“நன்றாகப் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்?”

“பார்க்க என்ன இருக்கிறது? துடை.”

அழிப்பான் அடி லேயரை ஒரு கோடு விடாமல் துடைத்தது. கிறுக்கல் போயிற்று. வீரனின் வலது தோளுக்கு அப்பால், விளிம்பில்லாத சிவப்புத் திட்டு ஒன்று தனியாக மிதந்தது.

மீதி இருந்தவை லேயர் இரண்டு, கை ஒன்று.