சிவப்புக் கோடு

சாலையோரப் புங்கமரத்தின் அடிமரத்தில் ஒருவர் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

"போச்சு! வெட்டப்போற மரத்துக்குத்தான் இப்படிப் போடுவாங்க," என்று அதில் குடியிருந்த அணில் அலறியது. மரம் நடுங்கியது.

மறுநாள் ஆட்கள் வந்து கிளைகளைக் கழித்தார்கள். "சொன்னேன்ல?" என்றது அணில். வேரைச் சுற்றித் தோண்டினார்கள். "சொன்னேன்ல?" என்றது மறுபடியும். பிறகு வேரைத் தாய்மண்ணோடு சாக்கில் சுற்றிப் பத்திரமாகக் கட்டினார்கள். அணிலுக்கு ஒன்றும் புரியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மரத்தை லாரியில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அணிலும் கிளையிடுக்கில் ஒட்டிக்கொண்டே போனது. புதுக்குழியில் மரத்தை இறக்கும்போது கோடு போட்டவர் கத்தினார்: "கோடு தெற்கே பார்க்கணும்! அங்க வெயில் பட்ட பக்கம் இங்கயும் வெயில்லயே இருக்கட்டும்."

"அட, இதுக்குத்தானா!" மரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வந்து என்ன? நீ பிழைக்கமாட்டே," என்றது அணில். மிச்சமிருந்த இலைகளும் கொட்டியதும், பக்கத்து மரத்தில் கூடு கட்ட இடம் பார்க்கப் போய்விட்டது.

மழை பிடித்தது. ஒருநாள் காலை, சிவப்புக் கோட்டுக்கு மேலே பச்சையாக ஒரு துளிர் எட்டிப்பார்த்தது.

அணில் ஓடிவந்து முகர்ந்து பார்த்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, நீ பிழைச்சுக்குவேன்னு?"

மரத்துக்கோ அடுத்த துளிரை விடுகிற வேலை இருந்தது.