லோகு சொன்ன ஒரே பொய்

என் வலது கை என்னை பெஞ்சிலேயே விட்டுவிட்டு சென்னைக்கு ரயிலேறிப் போய்விட்டது. டிக்கெட்கூட எடுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோகுவிடம் இதை அப்போதே சொன்னேன்.

"லோகு, என் சோத்தாங்கை ரயில் ஏறிப் போய்க்கினு கீதுடா."

லோகு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

சிரிக்கத்தான் செய்வான். இருவரும் ஒரே கம்பி உருக்காலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள். அவன் ஃபிட்டர், நான் கிரேன் ஓட்டியவன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து காலையில் அந்த பெஞ்சில் எங்களுக்கு ஒரு ஆட்டம். நான் ஒரு புளுகு விடவேண்டும். அவன் நம்பிவிட்டால் டீ அவன் செலவு, நம்பாவிட்டால் என் செலவு.

இதுவரை அவன் ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

காட்டுப்பள்ளியில் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிய கப்பலை நான் ஒற்றைக் கையால் இழுத்துக் கட்டியதை அவன் நம்பவில்லை. சோழவரம் ஏரியை ஒரே மூச்சில் நீந்தியதை நம்பவில்லை. என் மகளின் கல்யாணத் தேதியைச் சொன்னபோதுகூட, மண்டபத்துக்கு போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் வேட்டி கட்டிக்கொண்டு வந்தான்.

அன்று என் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"மூஞ்சி வேற கோணிக்கினியா. நைனா, இன்னிக்கி நீ தனி ரகம்" என்றான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சு அடுத்த ரயிலைப் பிடித்துப் போயிருந்தது.

ஆம்புலன்ஸில் கொண்டுபோன மருத்துவமனையில் என் தலையை யானை தின்கிற அளவு மெதுவடை ஒன்றின் ஓட்டைக்குள் விட்டு எடுத்தார்கள். ஸ்கேனாம்.

டாக்டர் அஸ்வினி ஸ்ட்ரெச்சரின் பக்கம் வந்தார். சின்ன வயசு. நடக்கவில்லை, ஓடி வந்தார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. நல்லவேளை, ரத்தக் கசிவு இல்ல. முன்ன மாதிரி ஒரு மணி நேரம் மருந்து ஏத்திக்கிட்டு இருக்க வேணாம், இப்ப அடைப்பக் கரைக்க ஒரே ஊசி. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். எப்ப ஆரம்பிச்சுது?"

கேள்வி என் மனைவி ரத்னாவுக்கும் லோகுவுக்கும். பதில் எனக்குத் தெரியும். ஏழரை மணி. என் கை ஏறிய வண்டி எனக்குத் தெரியாதா.

"அஞ்சரைக்கு வாக்கிங் கெளம்புனாரு மேடம். அப்ப நல்லாத்தான் இருந்தாரு" என்றாள் ரத்னா.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால்.

"அதுக்கப்புறம் இவர யாராவது நல்லபடியா பார்த்தீங்களா?"

நான் லோகுவைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் உண்மை. அவனுக்குக் கைவந்த சரக்கு.

"தெர்லீங்க மேடம்" என்றான் லோகு. "நான் வந்து பாக்க சொல்லவே இப்டிதான் சாஞ்சிக்கினு இருந்தான்."

ஸ்ட்ரெச்சர் என்னோடு பாதாளம் வரை இறங்கி நின்றது.

என் புளுகுகளை ஒன்றுவிடாமல் பிடித்த மனிதன். அவன் சொல்லி நான் கேட்ட முதல் பொய் இது. திக்கவில்லை, எச்சில் விழுங்கவில்லை. இத்தனை வருஷம் பயிற்சி எடுத்த என்னைவிடச் சுத்தமாகச் சொன்னான்.

அவன் சொல்வது பொய் என்று ஆஸ்பத்திரியின் கூரை பிய்த்துக்கொள்ளும்படி கத்தினேன். "பா... பா..." என்று வந்தது. ரத்னா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அப்ப அஞ்சரைன்னுதான் நாங்க எடுத்துக்கணும். நேரம் தாண்டிடுச்சு" என்றார் டாக்டர். "எப்ப வந்துதுன்னு தெரியாதவங்களுக்கும் இப்ப வழி கண்டுபிடிச்சிருக்காங்க. வேற மாதிரி ஸ்கேன் எடுத்து மூளையையே கேட்டுக்கலாம். அது சென்னைலதான். அங்க போய்ச் சேர்றதுக்குள்ள கையும் பேச்சும் எவ்வளவு மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

ஆம்புலன்ஸை மறுபடி கூப்பிடச் சொன்னார்.

லோகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் வலது கையை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது தெரியவே இல்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ரத்னா அவன் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"நீங்க மட்டும் பக்கத்துல இருந்திருந்தா உடனே தூக்கியாந்திருப்பீங்க இல்லண்ணா. ஊருக்கெல்லாம் புளுகுனாலும், வலின்னா உங்களாண்டதான் மொதல்ல வருவாரு. பாவம், சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லாம உக்காந்துக்கினு இருந்திருக்காரு."

லோகு என் கையை மெல்ல என் வயிற்றின்மேல் வைத்தான்.

"இருந்தேம்மா" என்றான்.

பிறகு அவளைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னான். "நடந்துச்சி மேடம். ஏழரைக்கு, என் கண்ணு முன்னாடியே நடந்துச்சி. கை போய்டுச்சின்னு என்னாண்ட சொன்னான். வாய் கோணிச்சி, அதையும் பாத்தேன்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் மருந்தெடுக்க ஓடினார். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. லோகு நிறுத்தியிருக்கலாம்.

"நல்லா பண்றடான்னு கை தட்டிட்டு, நான் நாஷ்டா துன்னப் போய்ட்டேன் மேடம்."