தாய்மாமன் ரத்தம்

"இது யாரு ரத்தம்?"

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக டாக்டர் செல்வகுமாரி போட்ட சத்தத்தில், காயப்போட்ட நெல்லைக் கொத்திக்கொண்டிருந்த கோழிகூட வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

வள்ளியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்ததும், ஆறு மாசம் கீமோ ஏற்றி அவளைத் தேற்றின டாக்டர் இவங்கதான். பாண்டியில் மூணு மணி நேரம் காத்துக் கிடந்தால்தான் முகத்தைப் பார்க்க முடியும். அப்படிப்பட்டவங்க பாகூர் தாண்டி, கரும்பு டிராக்டருக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டு, இந்த மண் ரோட்டுக்கே வந்திருக்காங்க. வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை. திட்டறாங்க!

"உங்க பேர் எழுதின குழாயில ஆம்பளை ரத்தம் இருக்கு வள்ளியம்மா. லேபுல கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சீங்களா? யார் கையில எடுத்தீங்க?"

மூணு மாசத்துக்கு ஒருக்கா ஐஸ் பெட்டியோடு வந்து ரத்தம் எடுத்துப் போகிற பிரிட்டோ, காருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"நான்தான் குடுத்தேன்" என்று முன்னால் வந்தான் வள்ளியின் புருஷன் பக்கிரி. "இந்த பிரிட்டோ இவ கையில நாலு எடத்துல குத்தினாரு மேடம். நரம்பு ஆப்புடல. நீங்க ஏத்தின மருந்துல எல்லாம் கட்டி தட்டிப் போச்சு. அஞ்சாவது குத்துக்கு ஊசியத் தூக்கிகினு வந்தாரு. இன்னாய்யா, இது கையா, கோணி மூட்டையான்னு கேட்டுட்டு என் கையை நீட்டினேன்."

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மேடம்..." பிரிட்டோ முனகினான்.

"நீ பேசாத பிரிட்டோ!"

"இதுல இன்னா தப்பு மேடம்?" பக்கிரி விடவில்லை. "இவ எங்க அக்கா பொண்ணு. நான் தாய்மாமன். ரெண்டு பேருக்கும் ஓடறது ஒரே ரத்தம்தானே?"

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மண்ணைச் சோதிக்கணும்னு கேட்டா பக்கத்து வயல் மண்ணை அள்ளிக் குடுப்பீங்களா? நோய் திரும்ப வந்தா, ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே அதோட துகள் ரத்தத்துல மிதக்கும். அதைப் பிடிக்கத்தான் நாலு வருஷமா ஆராய்ச்சி பண்றேன். அதுல சேர்ந்த இருநூறு பேரோட உயிர்ப் பிரச்சினை. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தையலம்மாள் கழுத்தை நீட்டினாள். "ஏன்டி வள்ளி, ரத்தத்துலயுமா கள்ள ஓட்டு?"

தெருவில் நாலு பேர் சிரித்தார்கள். வள்ளியம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இருங்க மேடம். நீங்க பாட்டுக்குப் பேசிகினே போறீங்க." ரவிக்கைக் கையை மேலே தள்ளி, ஊசி குத்திக் கன்றிப்போன இடங்களைக் காட்டினாள். "பாருங்க, நாவப்பழம் கணக்கா இருக்கு. உங்க ஆராய்ச்சி பெருசு, என் கை பெருசு இல்லியா? அவனவன் பொண்டாட்டி படுத்துட்டா ஆத்தா வூட்டுக்கு அனுப்பி வெக்கறான். இந்த மனுஷன் என் வாந்தியைக் கையில ஏந்தினவரு. ரத்தத்தைக் குடுத்தவரைத் திருடனாட்டம் தெருவுல நிக்க வெச்சிக் கேக்கறீங்களே, நல்லாருக்கா?"

டாக்டர் பக்கிரியை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டையை மாட்டிக்கிட்டு வண்டியில ஏறுங்க பக்கிரி."

"எங்க? போலீஸ் ஸ்டேஷனுக்கா?" வள்ளியம்மாள் பாய்ந்துபோய்க் கார் கதவின் குறுக்கே நின்றாள். "எங்க மாமாவ ஏத்தினா நானும் வருவேன். ரத்தம் குடுத்தா ஜெயிலுன்னு எந்தச் சட்டத்துல இருக்குதுன்னு அங்க வந்து கேக்கறேன்!"

"ஸ்டேஷனுக்கு இல்ல வள்ளியம்மா." வந்ததிலிருந்து முதல்முறையாக டாக்டரின் குரல் தணிந்தது. பக்கிரியிடம் திரும்பினார். "வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதா?"

பக்கிரி தரையைப் பார்த்தான்.

"மூலச் சூடு மேடம். வெயில்ல கரும்பு வெட்டறவனுக்கு எல்லாம் வர்றதுதான்."

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்து."

"மாமா!" என்றாள் வள்ளியம்மாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"உனக்கு ஊசி போட்டுகினு இருந்த நேரம். நானும் போய்ப் படுத்துகினா, உன்னை யாரு பஸ் ஏத்தி இட்டுகினு போறது?"

டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இவ்வளவு நேரம் கத்தின வாய், இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசியது.

"குழாய்க்கு மேலதான் வள்ளியம்மா உங்க பேரு. உள்ள இருந்த ரத்தத்துல நோயோட துகள் இருக்கு. உங்களுக்குத் திரும்பிடுச்சின்னு நெனச்சி எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. இன்னிக்குக் காலையிலதான் அது ஆம்பளை ரத்தம்னு சொன்னாங்க. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தாதான் உறுதியாச் சொல்ல முடியும். யாருதுன்னு பிரிட்டோ வாயத் தொறக்கல, போன்ல கேட்டா நீங்களும் மறைப்பீங்க. அதான் நானே வந்தேன்."

தையலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வள்ளியம்மாள் கார் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

பக்கிரியின் முகத்தில் மட்டும், பல நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சிரிப்பு.

"அப்படின்னா, இவளுக்குத் திரும்பி வரலை... அப்படித்தானே மேடம்?"