மலையும் குதிரையும் தைத்த மெத்தை

“சரி, மெத்தையத் திருப்புங்க” என்று புருல் சொன்னதும் கனிஷாய் அக்காவின் முகம் மாறியது. நாங்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்தது இதற்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் தன் முதல் நோருஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஒட்டுத்துணியில் ஒரு மெத்தை தைத்து விரிக்க வேண்டும். உள்ளே ஆட்டு ரோமம். மாமியார் கை அதில் படக் கூடாது. தெருப்பெண்கள் வந்து முன்பக்கம் பார்ப்பார்கள், அப்புறம் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் அதில் உட்காருவார்கள்.

புருல் மருமகளாக வந்த வருஷம், அவள் மெத்தையைத் திருப்பிப் பார்த்தது கனிஷாய்தான். இது என்ன, மாவு மூட்டைக்குப் போடுகிற தையலா என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், இன்றுவரை புருலுக்கு எங்கள் தெருவில் பெயர் ‘மூட்டை’. அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் மூட்டையின் பிள்ளைகள்தான்.

கனிஷாய்க்குச் சொல்லத் தகுதி உண்டு. அவள் தையல் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அவள் வாய்க்கு ஊசியே தேவலை.

இப்போது அவள் வீட்டுக்கே மருமகள் வந்துவிட்டாள். ஜஸ்குல் என்று பெயர். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கடையில் கேக்குக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தவள். ஊசியில் நூல் கோக்கவே அவளுக்குப் பாதி நாள் ஆகிறது என்று ஊருக்குள் பேச்சு. போதாதா எங்களுக்கு? பண்டிகையன்று விடிந்ததும் விடியாததுமாக நேரே அங்கேதான் போனோம்.

முன்பக்கத்தைப் பார்த்ததும் ஏமாந்துபோனோம். எல்லோரும் வைக்கிற அதே முக்கோணத் துண்டுகள்தான். ஆனால் அவற்றை வெள்ளையும் நீலமுமாக அடுக்கி ஒரு பனிமலையையே கொண்டுவந்திருந்தாள் அந்தப் பெண். அடிவாரத்தில் பச்சை, பச்சைக்குள் சிவப்பு சிவப்பாகப் பூக்கள், ஓரத்தில் ஒரு பழுப்புக் குதிரை மேய்கிறது. கனிஷாயின் சமையலறை ஜன்னலில் தெரிகிற மலை அது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

குதிரை மேல் நான்தான் உட்காருவேன் என்றாள் ஒருத்தி. உன் கனத்துக்குக் குதிரை தாங்காது, நீ மலை மேல் உட்கார் என்றாள் இன்னொருத்தி. வீடே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்கும்முன்தான் புருல் திருப்பச் சொன்னாள். திருப்பினோம்.

தையல் வரிசைகள், கல்யாண வீட்டில் குடித்துவிட்டுத் திரும்புகிறவன் நடையாக இருந்தன. ஒரு வரிசை பாதி வழியில் அடுத்த வரிசையோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஒரு மூலையில் ரோமம் எட்டிப் பார்த்தது.

ஜஸ்குல் தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் மெத்தையைத் திருப்பிப் போடவில்லை. புருல் வாயைத் திறந்தாள். ஆயுசுக்கும் நிற்கிற மாதிரி ஒரு பெயர் வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

“அது நான் போட்ட தையல்” என்றாள் கனிஷாய்.



“மாமியார் கை படக் கூடாதே அக்கா. இந்தத் தெருவுக்கே சட்டம் சொல்றவங்க நீங்க” என்றாள் புருல்.

“தெரியும். ஆச விடல. மலை, குதிர எல்லாம் என் மருமக வெட்டி ஒட்டினது. குடு நான் தெக்கறேன்னு பிடுங்கிக்கிட்டது நானு. கண்ணு முன்ன மாதிரி இல்லடி. ஊசி எங்க போவுதுன்னே தெரியல. சிரிக்கணும்னா என்னயப் பாத்துச் சிரிங்க.”

“அம்மா, நீங்க எங்க...” என்று ஆரம்பித்தாள் ஜஸ்குல்.

“டீ ஆறுது பாரு. எல்லாருக்கும் ஊத்து.”

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கே தையலுக்கு உதாரணமாக இருந்த கை இப்படி ஆகிவிட்டதே என்றுதான் தோன்றியது. புருல்கூட மெத்தையைத் திருப்பிப் போட்டு, குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் கோதுமைக் கூழ் வந்தது, சுடச்சுட எண்ணெய்ப் பலகாரம் வந்தது. அந்தப் பெண்ணிடம், எங்கள் வீட்டு மெத்தைக்கும் ஒரு மலை போட்டுக் கொடு என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

விடைபெற்று வாசல் கதவுவரை வந்துவிட்டோம். முற்றத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுப் படியில் நின்றபடி கனிஷாய் கத்தினாள்.

“அடியே புருல்! கறுப்புக் கோட்டுப் பொத்தான நீல நூல்ல தெச்சிருக்கியே, வீட்டுக்குப் போனதும் மாத்து. பாக்கச் சகிக்கல.”

புருல் குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பொத்தானை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுப்போடு கறுப்பாகக் கலந்திருந்த கருநீல நூல். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது புருல்தான். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த வீட்டில் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. புது மருமகளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று புருலைச் சுற்றிக்கொண்டார்கள்.

“குதிரைக்காரின்னு வெச்சிருக்கோம், அப்படி ஒரு கை அதுக்கு” என்றாள் புருல். “தையல்தான் கோணல். அது கனிஷாய் அக்கா போட்டது. பாவம், கண்ணு சுத்தமா போயிடுச்சு.”